தூதர் மருதவாணரின் உயிர்ச்சான்று

ஒரு காட்டில் புல் தின்பவர்கள் வாழ்ந்தார்கள். ஆற்றுக்கு அக்கரைக் காட்டில் அவர்களைத் தின்பவர்கள் வாழ்ந்தார்கள். ஆகவே இரு காடுகளுக்கும் நல்லுறவு வேண்டும் என்று இக்கரை அரசு முடிவெடுத்து, அக்கரைக்குத் தூதர்களை அனுப்பியது. முதல் நான்கு தூதர்களும் சேர்ந்து மொத்தமே பதினோரு நாள்தான் பணியாற்றினார்கள். ஐந்தாவதாக மருதவாணர் என்ற புள்ளிமான் நியமிக்கப்பட்டார்.

அக்கரையை ஆண்ட புலிராஜாவிடம் அவர் நியமனக் கடிதத்தை நீட்டினார். புலிராஜா கடிதத்தைப் பார்க்கவில்லை; தொடையைப் பார்த்தார்.

"அரசே, தாங்கள் என்னைச் சாப்பிடுவதில் எனக்குத் தனிப்பட்ட முறையில் ஆட்சேபணை இல்லை," என்றார் மருதவாணர். "ஆனால் நான் அரசு ஊழியன். மேலிடத்து அனுமதி வேண்டும்."

புலிராஜா சட்டத்தை மதிப்பவர். விண்ணப்பத்தை மூன்று பிரதிகள் நிரப்பி, மூன்றிலும் கைநாட்டு வைத்தார். மருதவாணரே அதை இக்கரைக்கு அனுப்பிவைத்தார்.

பதில் வரவில்லை. வாரந்தோறும் புலிராஜா விசாரிப்பார்; பரிசீலனையில் இருப்பதாக மருதவாணர் சொல்வார். காத்திருக்கிற நேரத்தில் இருவரும் பேசத் தொடங்கினார்கள். பேச்சு வளர்ந்தது. ஒரு கோடையில் இக்கரைக் குளங்கள் வற்றியபோது, அக்கரை ஏரியில் காலை வேளை முழுவதும் மான்களும் முயல்களும் பயமில்லாமல் தண்ணீர் குடிக்கலாம் என்று ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. குட்டிகள் பிழைத்தன. புலிராஜாவுக்குப் பல்வலி வந்தால் மருதவாணர்தான் மூலிகை தேடிப் போவார். இப்படியே இருபத்து மூன்று ஆண்டுகள் கழிந்தன.

அவர் ஓய்வு பெறும் நாளன்று பதில் வந்தது. இக்கரைச் செயலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஓணான், தேங்கிக் கிடந்த கோப்புகளையெல்லாம் ஒரே வாரத்தில் தலையசைத்து முடித்துவிட்டிருந்தார். தூதரைச் சாப்பிட ஆட்சேபணை இல்லை என்று முத்திரையோடு எழுதியிருந்தது.

மருதவாணர் அதை இரண்டு முறை படித்தார். ஒளித்துவிடலாமா என்றுகூட யோசித்தார். ஆனால் இத்தனை ஆண்டுகளில் அவர் புலிராஜாவிடம் ஒரு பொய்யும் சொன்னதில்லை. கொண்டுபோய்க் கொடுத்தார்.

புலிராஜா அதைப் படித்தார். "பசி இருந்த காலத்தில் அனுப்பியிருக்கலாம்," என்றார். பிறகு ஆற்றங்கரை வரை வந்து வழியனுப்பினார்.

ஊர் திரும்பிய மருதவாணர், ஓய்வு பெற்றோருக்கான புல்வெளியில் இடம் கேட்டு வரிசையில் நின்றார். ஒன்பதாம் நாள் அவர் முறை வந்தது. ஓணான் பதிவேட்டைப் புரட்டினார்.

"உங்களைச் சாப்பிட்டாகிவிட்டது," என்றார்.

தான் எதிரிலேயே நிற்பதை மருதவாணர் பணிவாகச் சுட்டிக்காட்டினார். எதிரில் நிற்பது சான்று ஆகாது, அனுமதி பெற்றவரே நேரில் வந்து 'சாப்பிடவில்லை' என்று எழுதித்தர வேண்டும் என்று ஓணான் விளக்கினார்.

மருதவாணர் அக்கரைக்குச் சொல்லியனுப்பினார். மறுநாளே புலிராஜா மூட்டுவலியோடு ஆற்றைக் கடந்து செயலகத்துக்குள் நுழைந்தார். வரிசையில் நிற்கத்தான் வந்தார். ஆனால் அவர் வாசலைத் தாண்டுவதற்குள் வரிசை கலைந்துவிட்டது. ஓணானையும் காணவில்லை. மேசைமேல் முத்திரை மட்டும் இருந்தது.

மருதவாணர் தன் நண்பருக்கு ஒரு நாற்காலி போட்டார். படிவத்தைத் தானே நிரப்பினார். தானே முத்திரை குத்தினார். கையோடு கையாக, புல்வெளியில் நிழல் விழும் பக்கமாக ஒரு நல்ல இடத்தையும் தனக்கு ஒதுக்கிக்கொண்டார்.

நீதி: நீங்கள் உயிரோடிருப்பதை அரசாங்கத்துக்கு நிரூபிக்க, உங்களைத் தின்ன அனுமதி பெற்ற ஒருவரையாவது நண்பராக வைத்திருங்கள்.