சனிக்கிழமை ஐந்து மணிக் காதல்

தாம்பத்தியப் பராமரிப்பாளர் என்றொரு இனம் இருக்கிறது. உங்கள் மாடியிலோ அடுத்த தெருவிலோ ஒருவராவது கட்டாயம் தென்படுவார். மனைவியை மறந்துபோகிற கணவர் அல்ல இவர். அந்தப் பாவத்தையாவது மன்னித்துவிடலாம். இவர் மனைவியை நினைத்துக்கொள்ள நேரம் குறித்து வைத்திருப்பவர்.

நம் ஆள் லிஃப்ட் பரிசோதகர். கண்ட கட்டடங்களில் எல்லாம் ஏறி, கயிற்றைத் தட்டி, கதவை இழுத்து, எண்ணெய் விட்டு, உள்ளே தொங்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திடுவது பிழைப்பு. மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஆளுக்கொரு பக்கம் ஓடுவதில் இல்லறம் துருப்பிடிப்பதாக அவருக்குத் தோன்றியது. உடனே என்ன செய்தார்? அதே மாதிரி ஓர் அட்டையை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். செவ்வாய், பாராட்டு. வியாழன், கைகோத்து நடை. சனி ஐந்து முதல் ஐந்து நாற்பது வரை, மனம் விட்டுப் பேசுதல். ஒவ்வொன்றுக்கும் எதிரே கையெழுத்துக் கட்டம்.

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் ஒரு வாரம் தவறியதில்லை. ஒரு செவ்வாயன்று பாராட்ட எதுவும் அகப்படாமல் வீடெல்லாம் சுற்றிவந்து, நாலு வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்த திரைச்சீலையைப் புகழ்ந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நடையின்போது மனைவியின் செருப்பு வார் அறுந்தது; அப்போதும் கையை விடாமல் இழுத்துக்கொண்டே போனார். காதல் என்றால் லேசா?

ஒரு புதன்கிழமை காலை, அவர் பாதி முகம் சவரம் முடித்திருந்தபோது, மனைவி குளியலறை வாசலில் வந்து நின்று முக்கியமான விஷயம் பேச வேண்டும் என்றாள்.

"முக்கியம்னா சனிக்கிழமைக்கு வைம்மா. இப்பப் பேசினா அரைகுறையாப் போயிடும்."

அவள் வேலைக்குப் போய்விட்டாள். மறுநாள் நடையில் மறுபடி வாயைத் திறந்தாள். இது நடைக்கான நேரம் என்று அன்போடு நினைவூட்டினார்.

சனிக்கிழமை வந்தது. நாற்காலிகளை எதிரெதிரே போட்டு, போனை அணைத்து, பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். இப்போது சொல் என்றார்.

"வெளியூர்க் கிளைக்கு என்னைப் பொறுப்பாப் போடறாங்க. ரெண்டு வருஷம். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் கேட்டாங்க. சரின்னுட்டேன். திங்கக்கிழமை கிளம்பறேங்க."

தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றார்.

"போகாதேன்னு நீங்க சொல்லணும்னுதான் புதன்கிழமை வந்து நின்னேன்."

அவருக்கு அழுகை வந்தது. நிஜமான அழுகை, அட்டையில் அதற்குக் கட்டம் இல்லை. மணி ஐந்து மூன்று. மீதி முப்பத்தேழு நிமிஷத்தை என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியவில்லை.

ஐயோ பாவம் என்கிறீர்களா? அது இருக்கட்டும். நீங்கள் இதைப் படிக்க ஆரம்பித்தபோது பக்கத்தில் ஒருவர் ஏதோ சொல்ல வந்தாரே, இதை முடித்துவிட்டு வருகிறேன் என்று கையைக் காட்டினீர்களே, அவர் என்ன சொல்ல வந்தார்?