சப்வூபர் மேல் நின்ற மாதா

ஒரு வீட்டுக்கு எவ்வளவு பெரிய சப்வூபர் வேண்டும் என்பதை அந்த வீட்டு ஹோல்தான் தீர்மானிக்க வேண்டும். என் விஷயத்தில் அதை என் மச்சான் தீர்மானித்தான். குண்டசாலையில் புது வீடு கட்டிக் குடிபோன கையோடு ஒரு ஹோம் தியேட்டரும் வாங்கிப் போட்டு, எங்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு, நாங்கள் சோற்றில் கை வைக்க முன்பே ஒரு சண்டைக் காட்சியை ஓடவிட்டான். படத்தில் லொறி வெடித்தது. என் கையிலிருந்த அப்பளம் தானாகவே உடைந்தது. (நான் இறுக்கிப் பிடித்து உடைத்தேன் என்கிறாள் என் மனைவி ரெஜினா. கூடப் பிறந்தவனை விட்டுக்கொடுக்க மாட்டாள்.) அன்று என் வயிறு எரிந்ததற்குக் கோழிக்கறியின் உறைப்பு காரணமில்லை.

நான் கண்டியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் கிளார்க். அடுத்த சில வாரங்கள் அலுவலகத்தில் உடம்பு மட்டும்தான் இருந்தது. பஸ்ஸில், கன்டீனில், கழிப்பறையில்கூட ஸ்பீக்கர் வீடியோக்கள் பார்த்தேன். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு என்று ஐந்து சின்ன ஸ்பீக்கர்கள். இடிமுழக்கத்துக்கென்று தனியாக ஒரு பெரிய பெட்டி, அதுதான் சப்வூபர். கொஞ்சக் காசில் இந்த ஆறையும் எப்படிப் பொறுக்கி எடுப்பது என்பதில் எனக்கு யாராவது பட்டம் கொடுத்திருக்கலாம்.

"படத்துல பேசுறதெல்லாம் நடு ஸ்பீக்கர்லதான் வரும் ரெஜினா. வெவரம் தெரிஞ்சவன் காசை அதுலதான் போடுவான். வெவரம் கெட்டவன்தான் சப்வூபர்ல கொட்டுவான்."

ரெஜினா தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "அப்ப நீங்க எதுல போடப் போறீங்க?"

அவளுக்கு என்னைத் தெரியும்.

மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஒடுங்கிய கடை. மடவளைக்கார முஸ்லிம் நானா ஒருவர் நடத்துகிறார். போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ரூம் எவ்வளவு பெருசா ஈக்கும் தம்பி?"

எங்கள் ஹோலில் இரண்டு பேர் எதிரெதிரே கதிரையில் உட்கார்ந்தால் ஒருவர் காலை மடக்க வேண்டும். நான் கையை விரித்துக் காட்டிய அளவில் ஒரு கல்யாணமே நடத்தலாம்.

"மாடி வூடா?"

"தனி வீடு நானா." (நாங்கள் இருப்பது மாடியில். வாய் கூசவில்லை.)

அவர் கடையிலேயே பெரிய பெட்டியைப் போட்டுக் காட்டினார். என் சட்டைக் காலர் நடுங்கியது. நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். அத்தனை வாரப் படிப்பும் அந்த இடத்திலேயே போய்விட்டது. "இதையே கட்டுங்க நானா" என்றேன். நடு ஸ்பீக்கர் என்ன மாதிரி வேண்டும் என்று கேட்டார். "இருக்கிறதுல சின்னதா ஏதாவது ஒன்னு குடுங்க" என்றேன்.

ஆக, சவர்க்காரப் பெட்டி அளவில் ஐந்து ஸ்பீக்கர்களும், பஸ்ஸில் தனி சீட் கேட்கிற அளவில் ஒரு சப்வூபருமாக வீடு திரும்பினேன். அம்பிட்டிய பஸ் கண்டக்டர் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவர் எங்கே இறங்குவார்?" என்று சிங்களத்தில் கேட்டார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழி?

படம் போட்டோம். லொறி அருமையாக வெடித்தது. ஆனால் கதாநாயகி அழுதுகொண்டே என்ன சொன்னாள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. வாய் அசைந்தது, அவ்வளவுதான். சத்தத்தைக் கூட்டினால் அவள் பேசுவது கேட்டது, கூடவே கீழ் வீடு ஆடியது.

கீழ் வீட்டில் ஸ்டெல்லா அக்காவும் அவர் புருஷன் அருள் அண்ணனும் இருந்தார்கள். அண்ணனுக்குப் பல்லேகலயில் ஃபெக்டரி வேலை. அக்கா எங்கள் கோயில் பாடகர் குழுவின் முதல் குரல். அவர் மேல் சுருதியில் எடுத்தால் பின்வரிசையில் தூங்குகிறவர்கள்கூட எழுந்து நிற்பார்கள். மறுநாள் படியில் என்னைப் பிடித்தார். "ஏன் தம்பி, நேத்து ஒங்க வீட்டுல எத்தன லொறி கவுந்துச்சு? எங்க அலுமாரிக் கண்ணாடி வெடவெடன்னு நடுங்குது."

வெட்கமாகப் போய்விட்டது. பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி, அடியில் பழைய மெத்தைத் துண்டைக் கொடுத்து டீப்போய் மேல் வைத்தேன். அங்கேதான் கதை திரும்பியது. எங்கள் வீடுகளில் மின்சாரத்தில் ஓடும் எந்தச் சாமானும் அம்மணமாக இருக்கக்கூடாது. டி.வி.க்கு ஒரு பின்னல் துணி, ஃபிரிட்ஜுக்கு ஒன்று, ரைஸ் குக்கருக்கும் ஒன்று. ரெஜினா சப்வூபருக்கும் தரைவரை தொங்கும் வெள்ளைத் துணி ஒன்றைப் போர்த்தி, மேலே பிளாஸ்டிக் ரோஜா ஜாடியை வைத்தாள். ஒரு மாதத்தில், படம் ஓடாத நேரங்களில் அது சப்வூபர் என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது. மூலையில் இருக்கும் ஒரு மேசை, அவ்வளவுதான்.

இதற்கிடையில் ஸ்டெல்லா அக்காவின் கழுத்தில் ஒரு கட்டி வளர்ந்துகொண்டிருந்தது. பேராதனை ஆஸ்பத்திரியில் உடனே எடுக்க வேண்டும் என்று திகதி கொடுத்தார்கள். அக்கா போகவில்லை. குரல் நரம்பு பக்கத்தில்தான் ஓடுகிறது, கத்தி பட்டால் பாட்டுப் போய்விடும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அருள் அண்ணன் மாலையில் மாடிக்கு வந்து, பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருப்பார். "நீங்களாச்சும் சொல்லுங்க. நான் சொன்னா சண்டைக்கு வர்றா. எனக்கு அவ பாட வேணாம், இருந்தாப் போதும்." ரெஜினா சொல்லிப் பார்த்தாள். இரண்டாவது திகதியும் நெருங்கியது. அக்கா கடைசியாக ரெஜினாவிடம் சொன்னது இதுதான்: "மாதா ஒரு அடையாளம் காட்டட்டும். போறேன்."

ஒக்டோபர் செபமாலை மாதம். எங்கள் அன்பியத்தில், அதாவது கோயிலைச் சேர்ந்த அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் குழுவில், மாதா சுரூபம், அந்தச் சின்னச் சிலை, ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்குப் போகும். அந்தந்த வீட்டில் எல்லோரும் கூடிச் செபமாலை சொல்வோம். எங்கள் முறை வந்தது. ரெஜினா வீட்டைக் கழுவித் துடைத்தாள். நான் வருகிறவர்களுக்குத் தின்னக் கொடுக்க ரோல்ஸும் பெட்டிஸும் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது, ரோஜா ஜாடியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவிட்டு, மூலை மேசை மேல், அதாவது சப்வூபர் மேல், மாதா நின்றார். மெழுகுதிரி மட்டும் பக்கத்தில் ஒரு ஸ்டூலில். பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

தோன்றியிருந்தாலும் விட்டிருப்பேனோ என்னவோ, ஏனென்றால் அன்று என் மண்டைக்குள் வேறு கனம் ஏறியிருந்தது. அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது, பாட்டு எடுக்க ஆளில்லை என்றார் அன்பியத் தலைவர். "கவலைப்படாதீங்க ஐயா, மியூசிக்கோட நான் போட்டுவிடுறேன், எல்லாரும் கூடப் பாடலாம்" என்று போனை ஹோம் தியேட்டரோடு இணைத்தேன். போன ஞாயிறு மச்சான் வந்தபோது அவனை அசத்த சப்வூபரின் பின்பக்கத் திருகை முழுதாகத் திருகிவிட்டிருந்தேன். அது துணிக்குள், சுவரைப் பார்த்தபடி, அப்படியே இருந்தது.

செபமாலைக்கு ஐந்து தேவ இரகசியங்கள், ஒவ்வொன்றும் முடிய பாட்டில் ஒரு சரணம். முதல் தேவ இரகசியம் முடிந்து முதல் சரணம். பின்னால் இருந்த ஸ்பீக்கர்களில் கோரஸ் வந்தபோது, சுவரோரம் உட்கார்ந்திருந்த இரண்டு ஆன்ட்டிமார் யார் வந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டாவது சரணம் முடிந்தபோது, வாசலைப் பார்த்து நின்ற மாதா கொஞ்சம் ஜன்னல் பக்கம் பார்ப்பது போலிருந்தது. ரெஜினா கோணலாக வைத்துவிட்டாள் என்று மனதுக்குள் அவளைத் திட்டினேன். மூன்றாவது சரணத்தில் கண்ணாலேயே பார்த்தேன். தபேலா அடிக்க அடிக்க, மாதா நூலளவாகத் திரும்பிக்கொண்டிருந்தார்.

பாட்டை நிறுத்தியிருக்கலாம். ஆனால் மாதா பாட்டை நடுவில் நிறுத்தியவன் என்று பேர் வாங்க மனசு வரவில்லை. இன்னும் கொஞ்சம்தானே, சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். நான்காவது சரணத்தில் சத்தத்தைக் குறைக்கலாம் என்று பதறிப்போய் ரிமோட்டில் எதையோ அமுக்கினேன். அது படம் பார்ப்பதற்காக அதிர்வைக் கூட்டும் பட்டன். அதுவரை தபேலாவாக இருந்தது லொறியாக மாறியது.

மாதா இந்த முறை நூலளவாகத் திரும்பவில்லை. எல்லோரும் பார்க்க, சபையை விட்டு முகத்தைத் திருப்பி, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா அக்காவை நேருக்கு நேராகப் பார்த்தார்.

பாடிக்கொண்டிருந்தவர்கள் பாடுவதை நிறுத்திவிட்டார்கள். அக்கா மெதுவாக எழுந்து முழங்காலிட்டார். "என்னையா பாக்குற தாயே?" என்றார் கட்டிப்போன குரலில். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். மாதக்கணக்கில் இறுகிக் கிடந்த முகம் அப்படியே தளர்ந்தது. "போறேம்மா. நான் போறேன்." பின்னால் அருள் அண்ணன் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

பாட்டு மட்டும் நிற்கவில்லை. அக்காவைப் பார்த்த மாதா இப்போது அக்காவை நோக்கி நகரத் தொடங்கினார். விளிம்புக்கு இன்னும் விரலளவுதான்.

பாய்ந்தேன். மாதாவைக் கட்டிப் பிடித்தேன். முழங்கையில் துணி சிக்கி உருவிக்கொண்டு வந்தது. ரோஜா ஜாடி உருண்டது. டீப்போய் மேல் கறுத்தப் பெட்டி நீல விளக்குக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு 'தொம் தொம்' என்று அடித்தது. ரெஜினா சுவிட்சை அணைத்தாள். ஒருவரும் கேட்காத கேள்விக்கு நான் பதில் சொன்னேன்:

"அது... சப்வூபர்ங்க. அதுதான் ஆட்டுச்சு."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மாதாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றபோதே அது எனக்குத் தெரிந்துவிட்டது. அக்கா என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். எழுந்து தன் கதிரையில் போய் உட்கார்ந்தார். ஐந்தாவது தேவ இரகசியத்தை எல்லோரும் தரையைப் பார்த்துச் சொன்னோம். ரோல்ஸை ஒருவரும் சரியாகத் தொடவில்லை. போகும்போது அருள் அண்ணன் கோபப்படவேயில்லை. "இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாமே தம்பி" என்றார். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"சுரூபம் விழுந்து ஒடஞ்சிருந்தாக்கூட ஒட்டியிருக்கலாங்க" என்றாள் ரெஜினா.

காலையில் மன்னிப்புக் கேட்கப் படியிறங்கினேன். கதவு திறந்திருந்தது. அக்கா ஒரு பையில் துவாய், பிளாஸ்க், சீப்பு எல்லாம் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நேத்து நான்..."

"ஒங்க பொட்டிதான் ஆட்டுச்சு, அதானே? எங்க அலுமாரியவே ஆட்டுன பொட்டி. எனக்குத் தெரியாதா? அந்த நேரம் மறந்துபோச்சு."

"அப்ப எங்கக்கா போறீங்க?"

"பேராதனைக்குத்தான். திகதிய உறுதிப்படுத்த. அப்படியே வார்டுல நிப்பாட்டிக்கிட்டாலும் சரின்னு பையையும் கட்டிட்டேன்." துவாயை மறுபடி எடுத்து உதறி மடித்தார். "ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சேன் தம்பி. மாதா என்னையப் பாக்குறாங்கன்னு நெனச்சப்ப எனக்கு அவ்வளவு சந்தோசமா இருந்துச்சு. போக விருப்பமில்லாதவளுக்கு ஏன் சந்தோசம் வரணும்? போகணும்னு உள்ளுக்குள்ள இருந்திருக்கு. பயத்துல எனக்கே கேக்கல." பிறகு என்னை முறைத்தார். "அதுக்காக அந்தப் பொட்டிய இன்னும் கூட்டி வச்சிடாதீங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு அந்தப் பையை வாங்கி பஸ் நிற்கும் இடம்வரை தூக்கிக்கொண்டு போனேன்.

ஆப்பரேஷன் முடிந்தது. கட்டி கெட்ட கட்டியில்லை. ஆனால் அக்கா பயந்தது முழுக்கப் பொய்யுமில்லை. பல வாரம் காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. அந்த நாட்களில் எங்கள் ஹோம் தியேட்டரை நான் தொடவேயில்லை. கீழே ஏதாவது சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வந்தது. துணி உலர்த்தும்போது அக்கா ஏதோ முணுமுணுத்தார். மேல் சுருதி போய்விட்டது. அதற்குப் பதிலாக அடியிலிருந்து கனமாக ஒரு குரல். நான் பல்கனியில் நின்று கேட்டேன். கண் கலங்கிவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை.

இப்போது அக்கா முதல் குரல் எடுப்பதில்லை. ஆண்களோடு நின்று கீழ்க் குரல் பாடுகிறார். கோயிலுக்குப் புதிதாக வரும் ஃபாதர்மார் யாராவது பூசை முடிந்து வாசலில், "அந்த அடிக்குரல் யாருடையது? பெஞ்சே அதிருதே!" என்று ஆச்சரியமாகக் கேட்பார்கள். அருள் அண்ணன் கூட்டத்துக்குள்ளிருந்து கையைத் தூக்குவார்.

"அது எங்க வீட்டு சப்வூபர், ஃபாதர்!"

எல்லோரும் என் பக்கம் திரும்பிச் சிரிப்பார்கள். முதலில் சிரிப்பது ஸ்டெல்லா அக்காதான், அந்தக் குரலில்.