ஏழாம் நம்பர் கம்பி

காலை எட்டு மணியிலிருந்து தேடுகிறான் தனசிங். கம்பியைக் காணவில்லை.

பிரமாதமான கம்பி ஒன்றுமில்லை. இரண்டடி நீளம், கட்டைவிரல் தடிமன், தலையில் சிவப்புப் பெயின்ட். மேடவாக்கத்தைத் தாண்டி, பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய குப்புராஜின் தரிசு நிலத்தில், மூன்று வருஷத்துக்கு முன் அவனே தன் கையால் அடித்தது. வருஷா வருஷம் பிப்ரவரியில் வந்து, கம்பியைச் சுற்றிச் சுண்ணாம்பால் பெரிய கூட்டல் குறி போடுவான். விமானம் மேலே பறந்து படமெடுக்கும். இப்படிச் சுற்றுவட்டாரத்தில் முப்பது குறிகள். இது ஏழாம் நம்பர்.

மற்ற இருபத்தொன்பதும் ஒழுங்காக நின்ற இடத்தில் நின்றன. ஏழாம் நம்பர் மட்டும் வருஷத்துக்கு ஒரு சாண் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது! படங்களை அளந்து இதைக் கண்டுபிடித்தவர் அவன் வேலை பார்க்கும் சர்வே ஆபீஸின் டைரக்டர் பொன்னுரங்கம். சதுப்பின் கரை மெல்ல நகர்கிறது என்று நாற்பது பக்கம் எழுதினார். சென்னையில் நடக்கும் சர்வதேச ஒளிப்பட அளவியல், தொலையுணர்வு மாநாட்டில் நேற்று அதைப் படித்தார். கைதட்டல் ஓய்வதற்குள் சுவீடன்காரர் ஒருவர் எழுந்தார். "என்னால் நம்ப முடியவில்லை. நாளைக்கு நேரில் போய் அளந்து பார்ப்போமா?"

டைரக்டர் தனசிங்கைத் தனியாகக் கூப்பிட்டார். "பத்து வருஷமா டெம்பரரியா இருக்கே. நாளைக்கு இது நல்லபடியா முடிஞ்சா உன் பர்மனென்ட் ஆர்டர்ல கையெழுத்துப் போடறேன். சொதப்பினா நாம ரெண்டு பேரும் தாம்பரம் ஸ்டேஷன்ல வேர்க்கடலை விக்கலாம்."

காலையில் தனசிங்கின் மனைவி அமலராணி அவன் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணித்தான் அனுப்பியிருந்தாள். மணி பத்தாகிவிட்டது. பதினொன்றுக்கு பஸ் வரும். வடகிழக்கு மழையில் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. நிலத்தின் நடுவே ஒரு செவலைப் பசு படுத்து அசைபோட்டபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

'கம்பி கிடைக்காவிட்டால் குறியாவது இருக்கட்டும்' என்று தனசிங் முடிவு செய்தான். கொண்டு வந்த சுண்ணாம்பு மூட்டையைப் பிரித்து, உத்தேசமாக ஓரிடத்தில் புல்லைச் செதுக்கி, பளிச்சென்று ஒரு கூட்டல் குறி போட்டான்.

போட்டு நிமிர்ந்தால் எதிரே குப்புராஜ்.

"இன்னா சார் இது? பிப்ரவரிலதானே போடுவே, இப்ப இன்னாத்துக்கு? நெலத்தை கவர்மென்ட்டு எடுக்கப் போவுதா?"

"சேச்சே, இல்லைங்க. இது சும்மா அடையாளம். பிளேன்லேர்ந்து பாத்தா தெரியறதுக்கு."

"பிளேனா!" குப்புராஜ் தலையில் கையை வைத்துக்கொண்டான். "மீனம்பாக்கம் பத்தலைன்னு இங்க எறக்கப் போறானுங்களா? டேய் சிட்டிபாபு, ஓடியாடா! நம்ம நெலத்துல ஏரோப்ளேன் எறக்கறாங்கடா!"

ஐந்து நிமிஷத்தில் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். சிட்டிபாபு கையில் மண்வெட்டியுடன் வந்திருந்தான்.

"ஐயோ, பிளேன் எதுவும் எறங்காதுங்க! பஸ்ஸுதான் வருது. வெளிநாட்டுக்காரங்க பத்துப் பன்னெண்டு பேர் வந்து இந்த எடத்தைப் பாத்துட்டுப் போயிடுவாங்க. அவ்வளவுதான்!"

மேடவாக்கம் ரோட்டில் அந்த வருஷம் மட்டும் நாலு பிளாட் கம்பெனிகள் போர்டு மாட்டியிருந்தன. ஆளாளுக்கு மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது.

"ஃபாரின்காரன் எடம் பாக்க வர்றானா?" என்றான் சிட்டிபாபு, மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு.

பக்கத்து நிலத்து முனியம்மா இடுப்பில் கைவைத்து முன்னால் வந்தாள். "இன்னா சார் நாயம் இது? குப்புராஜ் நெலத்துக்கு மட்டும் குறி போட்டுகினு கீறே. எங்க நெலம் இன்னா மட்டமா பூடுச்சா?"

"இல்லம்மா, இது வேற..."

பேசி முடிப்பதற்குள் சுண்ணாம்பு மூட்டை காணாமல் போனது. திரும்பிய பக்கமெல்லாம் கூட்டல் குறி. மூட்டை தீர்ந்ததும் வீட்டுக்கு ஓடிக் கோலமாவு டப்பாவைத் தூக்கி வந்தார்கள். முனியம்மா தன் குறியின் நாலு மூலையிலும் தாமரை போட்டாள். தனசிங் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஒன்றை அழிக்கப் பார்த்தான். அது இன்னும் பெரிதாக, பாலாகப் பரவியது.

"சார், அது என்னுது! கைய வச்சே, பேஜாராயிடும்!" என்று சிட்டிபாபு மறுபடியும் மண்வெட்டியைத் தேடினான்.

பஸ் வந்தபோது தனசிங் எண்ணிப் பார்த்தான். இருபத்துமூன்று.

பொன்னுரங்கம் இறங்கினார். நிலத்தைப் பார்த்தார். தனசிங்கைப் பார்த்தார். பின்னால் இறங்கிய சுவீடன்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "இதில் எது ஏழாம் நம்பர்?"

"தனசிங்..." என்றார் டைரக்டர், கெஞ்சுகிற குரலில்.

தனசிங்குக்குக் காதில் வேர்க்கடலை வறுபடும் சத்தம் கேட்டது. அந்த நேரத்தில்தான், சுற்றி நின்றவர்களை விலக்கி பஸ்ஸைத் திருப்ப டிரைவர் ஒரு ஹாரன் அடித்தார் பாருங்கள், செவலைப் பசு விசுக்கென்று எழுந்தது. அது படுத்திருந்த இடத்தில் சிவப்புத் தலையோடு ஒரு கம்பி. கம்பியில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் பசு.

"ஏழாம் நம்பர்!" என்று அலறிக்கொண்டு ஓடினான் தனசிங். அவன் வருகிற பிப்ரவரி மாதங்களில் பசு மேய்ச்சலுக்குப் போயிருக்கும். அதன் வயிற்றுக்கடியில் தேட அவனுக்குத் தோன்றவே இல்லை.

சுவீடன்காரர் பசுவைத் தள்ளிக் கட்டச் சொல்லிவிட்டு, ரோட்டோரத்து எல்லைக்கல்லிலிருந்து கருவி வைத்து அளந்தார். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. பொன்னுரங்கம் கண்ணை மூடிக்கொண்டார். தனசிங் பைபிளில் தெரிந்த வசனத்தையெல்லாம் சொல்லிக்கொண்டான்.

"போன வருஷத்துக்கு இருபத்திரண்டு சென்டிமீட்டர். கிழக்கே." சுவீடன்காரர் தொப்பியைக் கழற்றினார். "மன்னிக்க வேண்டும், டாக்டர் பொன்னுரங்கம். பூமி நகரத்தான் செய்கிறது!"

அப்பாடா! தனசிங்குக்கு நின்ற இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. டைரக்டர் அவனைக் கட்டிப்பிடித்தார். பத்து வருஷத்தில் இன்றுதான் முதல் தடவை. மற்ற குறிகள் எதற்கு என்று ஒருவர் கேட்டதற்கு, "விஞ்ஞானத்தில் எங்கள் ஜனங்களுக்கு அவ்வளவு ஆர்வம்" என்று சொல்லிவிட்டார். வெளிநாட்டவர்கள் முனியம்மாவின் தாமரையைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தார்கள். குப்புராஜின் மனைவி கிளியம்மாள் கிழக்கே இருந்த தன் வீட்டிலிருந்து ஒரு குடம் மோர் கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றினாள்.

கிளம்பும்போது டைரக்டர் அவளைப் பார்த்துக் கைகூப்பினார். "அம்மா, இன்னும் அஞ்சு வருஷத்துக்கு சுவீடன்லேர்ந்து வந்து இதை அளக்கப் போறாங்க. மாட்டை வேற எங்கேயாவது கட்டுங்க. இந்தக் கம்பியை இனிமே யாருமே தொடக்கூடாது." தனசிங் பக்கம் திரும்பி, "நாளைக்கு ஆபீஸ் வந்ததும் ஆர்டரை வாங்கிக்கோ" என்றார்.

பஸ் போயிற்று. தனசிங் வரப்பில் உட்கார்ந்து மிச்ச மோரை ஆற அமரக் குடித்தான். அமலராணியிடம் எப்படி ஆரம்பிப்பது, புதுப்புடவை எடுத்துக்கொண்டு போய்ச் சொல்வதா, சும்மா போய்ச் சொல்வதா என்று யோசித்தான். உலகமே நன்றாக இருந்தது.

கிளியம்மாள் காலிக் குடத்தோடு தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏன் சார், யாரும் தொடக்கூடாதுன்னு பெரியவரு சொல்லிட்டுப் போறாரே, வருசா வருசம் மழை வுட்டதும் கம்பி லொடலொடன்னு ஆடுதேன்னு நான்தானே புடுங்கி, நம்ம வூட்டாண்ட ஒரு சாண் தள்ளி அடிச்சுகினு வர்றேன், அத்த இனிமே யாரு அடிப்பாங்க?"