எண்ணூறு டிகிரியில் ஒரு மூக்குக்கண்ணாடி

சூளையின் மூடியைத் திறந்து கண்ணாடிக்காரி உள்ளே குனிந்து பார்த்தாள். தட்டுக்குள் இருந்த அப்பாவின் லென்ஸில் ஒன்று குறுக்காக விரிசல் விட்டிருந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு அப்பா போய் ஒரு வருஷம். பத்து நாளைக்கு முன்னால் அம்மா அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கைக்குட்டையில் பொதிந்து கொண்டுவந்தாள்.

"நீதான் கண்ணாடியை உருக்கி என்னென்னவோ பண்றியே, இதை வெச்சு ஒரு தட்டு பண்ணிக் குடுடி. ஜன்னல்ல தொங்க விடணும். அவரோடதுன்னு நான் எடுத்து வெச்சது இது ஒண்ணுதான்."

அப்பா பேப்பர் படிப்பதே ஒரு கூத்து. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, வாடகைக்கு வீடு விளம்பரம் வரைக்கும் உரக்க வாசிப்பார். 'போதும்ப்பா!' என்று கத்தாத நாளில்லை. இப்போது ஒரே ஒரு விளம்பரத்தை அந்தக் குரலில் கேட்டால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

விரிசல் விட்டால் என்ன, மறுபடி உருக்கினால் ஒட்டிக்கொள்ளாதா? உருக்கினாள். ஒட்டிக்கொண்டது, நடுவில் கோலிகுண்டு அளவுக்கு ஒரு குமிழியோடு. குமிழியைப் போக்கச் சூட்டை ஏற்றினாள். குமிழி போயிற்று, கூடவே லென்ஸும் போயிற்று. சூளைக்குள் தட்டைத் தாங்கும் பலகைக்கு, கண்ணாடி ஒட்டாமலிருக்கப் பொடி பூச மறந்திருந்ததால் மொத்தமும் வழிந்து பலகையோடு ஒட்டிக்கொண்டது. உளியால் நெம்பினாள். பலகை இரண்டாகப் பிளந்தது.

போன் அடித்தது. "எப்படிடி வருது?"

"சூப்பரா வருதும்மா."

கணவன் எட்டிப் பார்த்தான். "மாமா கண்ணாடி எங்க?"

"இதுதான்."

"இந்தப் பசையா? ஐயையோ! பேசாம வேற பழைய லென்ஸ் ரெண்டு வாங்கிப் போட்டுடு. யாருக்குத் தெரியப்போகுது?"

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், "பவர் எவ்வளவு?" என்று கேட்டார்.

"எதுவா இருந்தாலும் சரி. ஆனா பழைய கண்ணாடி லென்ஸா இருக்கணும்."

"யாருக்கு?"

"ஜன்னலுக்கு."

கடைக்காரர் அவள் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார்.

இந்த முறை ஆறும்போது லென்ஸோடு சேர்ந்தே சுருங்கட்டும், விரிசல் விடாது என்று சாதாரண ஜன்னல் கண்ணாடியைத் தட்டுக்கு வைத்தாள். பொடியை இரண்டு தரம் பூசினாள். ஒரு நாள் முழுக்க ஆறவிட்டாள். வயிற்றெரிச்சல், இது மட்டும் பளிங்கு மாதிரி வந்து தொலைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா தட்டைத் தன் வீட்டு ஜன்னலில் மாட்டினாள். வெயில் விழுந்தது.

"அதே பார்வைடி! பாரேன், என்னையே பார்க்கறாரு" என்று சொல்லும்போதே அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

கண்ணாடிக்காரிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அம்மா, அது அப்பாவோடது இல்லம்மா. அதை நான் உருக்கியே ஒழிச்சுட்டேன். இது கடையில வாங்கினது."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். நாலு திட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அது ஒண்ணுதானேடி இருந்தது" என்றாள்.

அப்போது அழைப்பு மணி அடித்தது. அப்பாவோடு தினமும் நடக்கப் போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர், கதவில் ஒருமுறை முட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

"மன்னிச்சுக்கணும்மா. அன்னிக்கு நான் இங்க வந்திருந்தப்ப நீங்க அவரோட கண்ணாடியைத் துடைச்சு மேஜையில வெச்சிருந்தீங்கல்ல? நானும் என்னோடதைப் பக்கத்துல கழட்டி வெச்சேன். ரெண்டு பேரும் ஒரே கடையில ஒரே மாதிரி வாங்கினது, போகும்போது மாத்தி மாட்டிக்கிட்டேன். பதினஞ்சு நாளா கண்ணே போச்சுன்னு கிடந்தேன், நேத்து டாக்டர்தான் கண்டுபிடிச்சாரு. இந்தாங்க, அவரோடது, கீறல்கூட இல்ல. என்னோடது எங்கம்மா?"