சுவரில் ஏற்கெனவே இருந்த ஆணி

பெருமதிப்புக்குரிய பெரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொண்டது. இங்கு நான் உயிரோடு இருக்கிறேன். அதற்கு மேல் நலம் என்று எழுதினால் பொய்யாகும். அங்கு தாங்களும் அக்காவும், ஐந்து மாதமாகத் தங்கள் மாடியறையில் இருக்கும் தங்கள் தங்கையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவளை நான் விசாரித்ததாகச் சொல்லவும். சொல்லும்போது அவள் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்து எழுதவும்.

அவள் தங்களிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறாளோ தெரியாது. நடந்தது இதுதான். ஒருநாள் காலையில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது எதிரே வந்து நின்று, "இந்த வீட்ல என்ன குறையுதுன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றாள். நான் காபியை ஒரு வாய் குடித்துப் பார்த்து, "சர்க்கரை" என்றேன். உள்ளதைத்தான் சொன்னேன். அன்று மத்தியானமே பெட்டியோடு கிளம்பிவிட்டாள். போன பிறகு நிமிர்ந்து பார்த்தால் கூடம் மொட்டையாக இருந்தது, ஜன்னலில் திரை இல்லை, சுவரில் ஒன்றும் இல்லை, உட்கார என் சாய்வு நாற்காலியைத் தவிர வேறு இல்லை. சரி, வீடு வெறிச்சென்று கிடப்பதுதான் அவள் மனக்குறை, அதை நான் கண்டுகொள்ளவில்லை என்று கோபம், என்று புரிந்துகொண்டேன். முப்பத்தொரு வருஷம் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். பத்தாயிரம் சாமானில் ஒரு போல்ட் காணாமல் போனாலும் என் கண்ணுக்குத் தப்பாது. என்னைப் போய் கவனமில்லாதவன் என்றால் வயிறு எரியாதா?

ஒரு வார இதழில், பழையதைத் தூக்கி எறியாமல் அதிலேயே வீட்டை அழகாக்கலாம் என்று போட்டிருந்தது. ஓட்டை ஓட்டையான காய்கறி வடிகட்டியைக் கவிழ்த்து பல்புக்கு மேல் மாட்டினால் சுவரெல்லாம் நட்சத்திரம் தெரியுமாம். மாட்டினேன். கையெழுத்து வாங்க உள்ளே வந்த தபால்காரர் என் முகத்தைப் பார்த்து, "அம்மையா சார்?" என்று கேட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனார். கீரை கழுவ வேண்டுமென்றால் இப்போது விளக்கை இறக்க வேண்டியிருக்கிறது. அடுத்தது, மர ஏணியைச் சாய்த்து வைத்துப் படிக்குப் படி புத்தகம் அடுக்கினால் அலமாரி. அடுக்கிவிட்டுக் கடைக்குப் போய் வருவதற்குள் மாடி வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டி கழுவ ஏணியை எடுத்துப் போய்விட்டார், புத்தகமெல்லாம் தரையில் குவியல். கேட்டால், "ஏணியைத்தானே எடுத்தேன், அலமாரியைத் தொடவே இல்லையே" என்கிறார். ஆளில்லாத வீடு என்றால் எல்லோருக்கும் இளக்காரம்தான்.

அப்புறம்தான் இரண்டு தெரு தள்ளி இருக்கும் பழைய சாமான் கடைக்குப் போனேன். போகாத நாளில்லை. என் ராசியோ என்னவோ, அங்கே வாங்கியது ஒவ்வொன்றும் நம் வீட்டுக்கென்றே செய்தது போல் அமைந்துவிட்டது. பச்சைத் திரை ஒன்று, மாட்டும் கம்பியோடு, ஓரத்தில் வெள்ளை நூலால் தைத்த கிழிசல் இருந்தாலும் ஜன்னலுக்கு அளவெடுத்த மாதிரி ஒரு விரல்கடை கூடக் குறையவில்லை. நிலைக்கண்ணாடி ஒன்று, அதற்கு ஆணிகூட அடிக்க வேண்டியிருக்கவில்லை, சுவரில் ஏற்கெனவே ஒரு ஆணி இருந்தது, அதன் கீழே கண்ணாடி அகலத்துக்கே வெளுக்காத இடமும் இருந்தது. மர நாற்காலி இரண்டு, கால்கள் தரையிலிருந்த எட்டுத் தேய்மானத்திலும் தாமாகப் போய் உட்கார்ந்துகொண்டன. கடைக்காரர் ஒவ்வொரு தடவையும், "இதை எங்க வைக்கப் போறீங்க சார்?" என்று கேட்பார், நான் சொல்லச் சொல்ல, துக்கம் விசாரிக்க வந்தவர் போல் தலையாட்டிக்கொண்டே இருப்பார். நானோ விடாமல் பேரம் பேசி, பாதிக்குப் பாதி குறைத்துத்தான் வாங்கினேன்.

ஆகவே மைத்துனர் அவர்களே, வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளை அனுப்பி வைக்கக் கேட்டுக்கொள்கிறேன். வந்து பார்க்கட்டும். என் கண்ணில் எதுவும் படாது என்று சொன்னவள், நான் பார்த்துப் பார்த்து வாங்கியதைப் பார்த்து வாயடைத்துப் போவாள். வீடு அழகாகத்தான் இருக்கிறது. இரண்டு நாற்காலியில் ஒன்று சும்மா கிடக்கிறது, அவ்வளவுதான். காபி போடும்போது இரண்டு டம்ளரை எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைக்கிறேன். இதை அவளிடம் சொல்ல வேண்டாம்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. கல்யாணமான புதிதில் வீட்டுச் சாமான் ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்பு பெயிண்டில் எண் போட்டு வைத்தேன், ஸ்டோர் பழக்கம். "எனக்கும் ஒரு நம்பர் போட்டுடுங்க, தொலைஞ்சா தெரியும்" என்று அப்போது சிரித்தாள். புதிதாக வந்தவற்றுக்கும் எண் போட வேண்டும். பெயிண்ட் காய்வதற்குள் முடிக்க வேண்டியிருப்பதால் இத்துடன் நிறுத்துகிறேன். அக்காவின் முழங்கால் வலி குறையவும், தங்கள் மாடிப்படி வழுக்காமலிருக்கவும், தங்கள் வீட்டில் எல்லாமே இருந்த இடத்தில் இருக்கவும் வேண்டிக்கொள்ளும்,

தங்கள் தங்கையின் கணவன்.

பி.கு.: மச்சான், மேலே எழுதினதை எல்லாம் அடிச்சிடுங்க. நாற்காலியைக் கவுத்தேன். அடியில சிவப்பு பெயிண்ட்ல 17. ஏழுக்கு வால் போடுறது நான் ஒருத்தன்தான். இன்னொண்ணுல 18. கண்ணாடிக்குப் பின்னாடி 31. திரை மாட்டுற கம்பியில 9. காலுக்கு ஒரு செருப்பா மாட்டிக்கிட்டு கடைக்கு ஓடினேன். கடைக்காரர் ரேடியோவை நிறுத்திட்டுச் சொன்னார்: "அம்மா ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வருஷமா, மாசத்துக்கு ஒண்ணா கொண்டு வந்து வச்சாங்க சார். அவர் இதைத் தேடி வந்தா காசு வாங்காம கொடுத்துடுங்கன்னு சொல்லியிருந்தாங்க. நீங்க வாங்கத்தானே வந்தீங்க, தேடி வரலையே."

ஒரு வருஷமா ஒவ்வொண்ணா எடுத்து வச்சுட்டு, நான் எப்போ கேட்பேன்னு பார்த்துக்கிட்டு இருந்திருக்கா. கடைசியா வாய்விட்டே கேட்டா. நான் சர்க்கரைன்னேன். அவ கிளம்பின அன்னைக்கு என்ன நிறத்துல உடுத்தியிருந்தான்னு இப்ப உட்கார்ந்து யோசிக்கிறேன், வரமாட்டேங்குது.

அவளை அனுப்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நானே வர்றேன். தேடி வர்றேன்னு மட்டும் சொல்லுங்க. மாடிக் கதவைத் திறக்கலைன்னா படியிலேயே உட்கார்ந்திருக்கேன். அவ முகம் எப்படிப் போகுதுன்னு நீங்க பார்த்து எழுத வேண்டாம், மச்சான். அதை நான்தான் பார்க்கணும்.