தேனீக்கு எட்டுக் கால் என்று சொன்ன கரடி

ஒரு காட்டில், சிறுத்தையைப் பார்த்தாலும் கொட்டாவி விடுகிற பிள்ளைகள் படித்த அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்று இருந்தது. அங்கே ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவர் தணிகாசலம் என்ற கரடி. பாடத்தைக் கரைத்துக் குடித்தவர். அவர் வாயைத் திறந்ததும் முதல் பெஞ்சில் முயல் சாயும், பக்கத்தில் மான் சாயும், கடைசி பெஞ்சில் குரங்கு குறட்டையே விடும்.

"மத்தியானச் சாப்பாடு பலம், அதான்," என்று கரடி தன்னைத் தேற்றிக்கொள்வார். தன் வகுப்பு காலையில் முதல் பீரியட் என்பதை வசதியாக மறந்துவிடுவார்.

ஒருநாள் தலைமையாசிரியர் நரி ஓடிவந்தார். "சார், பசங்களுக்குப் படிப்புல ஏன் ஈடுபாடு இல்லைன்னு பார்க்க நாளைக்கு அதிகாரி அம்மா வர்றாங்க. உங்க வகுப்புலதான் உட்காருவாங்க. பசங்க தூங்கினா உங்களை மலை உச்சிப் பள்ளிக்கு மாத்திடுவாங்க. அங்க மருந்துக்குக்கூடத் தேன் கிடையாது!"

மறுநாள் அதிகாரியான யானை அம்மா கடைசி பெஞ்சில் உட்கார, பெஞ்ச் முனகியது. கரடி ஸ்மார்ட் போர்டில் வீடியோ போட்டார். கரண்ட் போனது. பாடத்தைப் பாட்டாகப் பாடினார். பிள்ளைகள் தாலாட்டென்று நினைத்து இன்னும் நன்றாகத் தூங்கினார்கள். அவசர அவசரமாகக் கரும்பலகையில் எழுதினார்: 'தேனீக்கு எட்டுக் கால்கள்.'

குரங்கு ஒரு கண்ணைத் திறந்தது. "சார், ஆறு!"

"எட்டுதான்," என்றார் கரடி, விட்டுக்கொடுக்க மனம் வராமல்.

"சிலந்திக்குத்தான் சார் எட்டு!" முயல் எழுந்தே விட்டது. மான் புத்தகத்தைப் புரட்டியது. குரங்கு ஜன்னல் வழியே தாவிப்போய் ஒரு தேனீயைப் பிடித்து வந்தது. தேனீயோ சொந்தபந்தத்தோடு வந்தது. கரடியின் மூக்கில் உட்கார்ந்த ஒன்றின் கால்களை வகுப்பே சுற்றி நின்று எண்ணியது.

"ஆ! ஆறுதான்!" என்று கரடி அலறினார். ஒரே கைதட்டல்.

"ஏழு கால் ஏன் சார் இல்லை?" என்றது முயல்.

"தெரியலையேப்பா."

மணி அடித்தது. யாரும் வெளியே போகவில்லை; ஏழு கால் பூச்சியைத் தேடிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷம் எல்லாம் தெரிந்து வைத்திருந்தபோது தன்னிடம் யாருமே எதையும் கேட்டதில்லை என்பது கரடிக்கு அப்போதுதான் உறைத்தது. வீங்கிய மூக்கோடு சிரித்தார்.

"பிரமாதம்!" என்றார் யானை அம்மா. "இவர் ஒரு வகுப்புக்குள்ளேயே முடங்கலாமா? இனிமேல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கட்டும்."

"அம்மா, பசங்க இப்பத்தான் முழிச்சாங்க..."

உத்தரவு உத்தரவுதான். பயிற்சி மண்டபத்தில் கரடி மைக்கைப் பிடித்து உண்மையைச் சொன்னார்: "நான் தப்பு பண்ணேன், பசங்க முழிச்சாங்க. தெரியலைன்னேன், தேட ஆரம்பிச்சாங்க."

நிமிர்ந்து பார்த்தார். மண்டபம் முழுக்க ஆசிரியர்கள் சாய்ந்து கிடந்தார்கள். யானை அம்மாவின் குறட்டையில் ஜன்னல் அதிர்ந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் கரடி பேசிக்கொண்டே போனார். தன் பேச்சைத் தானே கேட்டதில் அவருக்கும் கண் சொருகியது.

நீதி: மாணவர்களை விழிக்கவைக்கத் தெரிந்த ஆசிரியரை மாணவர்கள் பக்கமே விடக் கூடாது; மற்ற ஆசிரியர்களும் தூங்க வேண்டாமா?