மண்வெட்டிக்கு வைத்த பொட்டு

இரும்பைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. ஆயுத பூஜை வந்துவிட்டால் சைக்கிள், அரிவாள்மனை, நகவெட்டி வரை பொட்டு வைத்துத் தீர்ப்பவன் நான். (ஒரு வருஷம் டிவி ரிமோட்டுக்கும் வைத்தேன். என் மனைவி இன்றும் சொல்லிக்காட்டுவாள்.) அந்தக் கைதான் என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

வேங்கிக்காலில் ஒரு தனியார் அருங்காட்சியகத்தில் மேற்பார்வையாளராகச் சேர்ந்திருந்தேன். தற்காலிக வேலைதான். மலைவாழ் மக்களின் கலையும் நவீன கலையும் சேர்ந்த முதல் கண்காட்சி ஒழுங்காக நடந்தால் நிரந்தரம் என்று அதை நடத்தும் மேடம் சொல்லியிருந்தார். ஆயுத பூஜைக்கு மறுநாள் திறப்பு விழா. பத்து மணிக்குக் கலெக்டர் வருகிறார்.

முதல்நாள் சாயங்காலம் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள், சாவி என்னிடம். கூடத்தின் நடுவில் ஜவ்வாது மலைக் காசியம்மாவின் படைப்பு: வெள்ளைத் துணி சுற்றிய ஏழு பழைய மண்வெட்டிகள். பூஜை நாளும் அதுவுமாக ஏழும் மூளியாக நிற்கின்றன. மனசு கேட்குமா? மஞ்சள் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரமும் காட்டினேன். (பக்கத்திலேயே 'தொடாதீர்கள்' பலகை. எழுதியவன் நான்தான்!) நிம்மதியாக வீட்டுக்குப் போய்ப் பொரி தின்றேன்.

காலை ஒன்பதரைக்கு மேடம் அலறினார்.

"யாருங்க இத பண்ணது?"

"பூஜை மேடம்... நான்தான்..."

"இதோட பேரப் படிச்சீங்களா?"

படித்தேன். 'பூஜை இல்லாத வருஷம்.' அந்த அட்டையை ஒட்டியவனும் நானேதான்.

ஈரத்துணியால் தேய்த்தேன். வெள்ளைத் துணியில் பட்ட மஞ்சள் போகுமா? பொட்டளவு இருந்தது தோசையளவு பரவியது. அந்த நேரம் பார்த்துக் காசியம்மாவே உள்ளே வந்தார். மஞ்சள் பரவிய துணியைத் தொட்டுப் பார்த்தார்.

"விதைக்கப் போறப்பதான் இதுக்குப் பொட்டு வைப்போம்ணா. இப்ப விதைக்க ஆளே இல்ல, எல்லாரும் வெளியூர் வேலைக்குப் போய்ட்டாங்க. அதான் வெறுமனே நிறுத்துனேன். ஒரு வருஷ வேலைண்ணா."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியே கார் வந்து நிற்கும் சத்தம்.

"மன்னிச்சிடும்மா. எடுத்து உள்ள வச்சிடட்டுமா?"

"வேணாம். ஒரு பேனா குடுங்க."

அட்டையில் ஏதோ எழுதினார். ஐந்தே நிமிஷத்தில் கலெக்டர் அதைக் குனிந்து சத்தமாகப் படித்தார்: "பயன்படுத்திய பொருட்கள்: மண்வெட்டி, துணி, மஞ்சள், குங்குமம், மேற்பார்வையாளரின் அவசரபுத்தி." நிமிர்ந்து, "மேற்பார்வையாளர் யாருங்க?" என்றார். கூட்டம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

கண்காட்சி முடியும்வரை அதன் பக்கத்தில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் மலையில் விதைப்பு நின்ற கதையையும் நான் செய்த கூத்தையும் சொல்ல வேண்டும். காசியம்மா எனக்குப் போட்ட தண்டனை அது. பொருள் பட்டியலில் இருக்கும் ஆளை எப்படி அனுப்புவது என்று முணுமுணுத்தபடியே மேடம் என் நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

இன்றைக்கும் சாப்பிட உட்கார்ந்து, "குழம்புல என்ன போட்ட?" என்று கேட்டால் போதும். என் மனைவி முகத்தில் சிரிப்பே இல்லாமல் பட்டியல் போடுவாள்.

"புளி, மிளகா, உப்பு. உங்க அவசரபுத்தி மட்டும் கம்மியா இருக்கு, போடட்டுமா?"